பொங்கலுக்கு டெல்லியிலிருந்து ஊருக்கு: 7 கிலோ பையா, 15 கிலோ பெட்டியா?

ஜனவரி முதல் பாதியில் டெல்லிப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பொங்கல் வரும், தை பிறந்ததும் கல்யாணங்கள் தொடங்கிவிடும். ஆர்.கே. புரம், முனிர்கா, கரோல் பாக், மயூர் விகார் என்று தமிழர்கள் இருக்கும் பேட்டைகளில் அப்போதுதான் பரணிலிருந்து பெட்டிகள் இறங்குகின்றன. கிளம்பும்போது டெல்லியில் விடியற்காலை 7 டிகிரி, இறங்கும் சென்னையில் மதியம் 29, 30. இரண்டு பருவநிலை, ஒரு பண்டிகை, ஒரு முகூர்த்தம், நடுவில் ஒரு கோயில், வீட்டில் சும்மா இருக்கும் நாட்கள் எல்லாம் ஒரே மூட்டையில் அடங்க வேண்டும்.

இதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. செக்-இன் இல்லாமல் 7 கிலோ கேபின் பையோடு பறப்பது ஒன்று. 15 கிலோ பெட்டியை நிரப்பி கவுன்டரில் போடுவது இரண்டாவது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஜி.டி.யிலோ வேண்டியதை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒன்றரை நாள் போவது மூன்றாவது. ஊரிலேயே ஒரு செட் துணி வைத்துவிட்டு ஏறக்குறைய வெறுங்கையோடு போவது நான்காவது. எதை எடுப்பது என்று யோசிக்கும்போது பலரும் சட்டைகளை எண்ணத் தொடங்குகிறார்கள். ஒரு சட்டை 200, 220 கிராம்தான், நான்கு குறைத்தாலும் ஒரு கிலோ மிச்சமாகாது. எடை உட்கார்ந்திருப்பது வேறு நான்கு இடங்களில்: பெட்டி, காலணி, குளிர் ஜாக்கெட், பட்டு. இந்த நான்கையும் என்ன செய்யப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டால் எந்த வழி என்பது தானே தெரிந்துவிடும்.

முதலில் பெட்டி

நான்கு சக்கர கெட்டி டிராலி, கேபின் அளவிலேயே, காலியாக 2.5 முதல் 3 கிலோ இருக்கும். 7 கிலோவில் ஏறக்குறைய பத்தில் நாலு பங்கு பெட்டிக்கே போய்விடுகிறது. 40 லிட்டர் பேக்பேக் 800 கிராம் முதல் 1.2 கிலோ வரை. வித்தியாசம் ஒன்றரை கிலோவுக்கு மேல், அதாவது ஏழு சட்டை. அளவைப் பொறுத்தவரை இண்டிகோ போன்ற நிறுவனங்கள் 55 x 35 x 25 செ.மீ. என்கின்றன, சக்கரமும் கைப்பிடியும் அதில் சேர்த்தி. கடையில் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் அளவு பல சமயம் சக்கரத்தை விட்டுவிட்டுப் போட்டது. வீட்டில் ஒருமுறை டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

டிராலிக்கு எதிராக இன்னொரு காரணமும் இருக்கிறது. சென்னையில் இறங்கி வீடு போகிறவர்களுக்கு எது இருந்தாலும் சரி. ஆனால் அங்கிருந்து கிளாம்பாக்கம் போய் திருநெல்வேலிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் பிடிப்பவர்கள், எழும்பூரில் ரயில் ஏறுபவர்கள், அங்கிருந்து கிராமத்துக்கு டவுன் பஸ்ஸில் நிற்பவர்கள் எல்லோருக்கும் பொங்கல் கூட்டத்தில் இரண்டு கையும் காலியாக இருப்பது பெரிய விஷயம். முதுகுவலி இருந்தால் பேக்பேக் வேண்டாம்; இரண்டு சக்கரத் துணி டிராலி 2 கிலோ அளவில் கிடைக்கும், அது நடுவழி.

குளிர்: தடிமனா, அடுக்கா?

டெல்லியில் வாங்கும் தடித்த கம்பளிக் கோட்டு 1.2 கிலோவைத் தொடும். உங்களுக்கு அது தேவைப்படுவது வீட்டு வாசலிலிருந்து டெர்மினல் வரை, திரும்பி வரும் இரவில் டெர்மினலிலிருந்து வீடு வரை. நடுவில் எட்டு நாள் சென்னையில் அது ஒரு சுமை, அவ்வளவுதான். இதற்குப் பதில் மூன்று அடுக்கு: மெல்லிய தெர்மல் பனியன், அதன்மேல் முழுக்கைச் சட்டை அல்லது குர்த்தி, அதன்மேல் 300, 400 கிராமில் வரும் இறகு நிரப்பிய பஃபர் ஜாக்கெட். அடுக்குகளுக்கு நடுவில் நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. அதனால் மூன்று மெல்லிய துணி ஒரு தடித்த துணிக்கு ஈடுகொடுக்கும். ஊர் போனதும் ஜாக்கெட் அதன் சிறு பைக்குள் சுருண்டு ஒரு தண்ணீர் பாட்டில் அளவுக்கு வந்துவிடும்.

இறகா, செயற்கைப் பஞ்சா என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதே கதகதப்புக்கு இறகு எடை குறைவு. ஆனால் நனைந்தால் கட்டிதட்டிச் சூடு போய்விடும், உலர நாளாகும். மூடுபனியில் ஸ்கூட்டரில் அலுவலகம் போகிறவர் செயற்கைப் பஞ்சு எடுக்கட்டும், 500 கிராமுக்கு மேல் போனாலும் அடித்துத் துவைக்கலாம். மெட்ரோவில் போகிறவருக்கு இறகு போதும். இரண்டுமே உடம்பில் போட்டுக்கொண்டு போகிற பொருள், பையின் எடையில் சேராது. அதன் பாக்கெட்டில் சார்ஜர், பவர் பேங்க் இரண்டையும் போட்டால் இன்னும் அரை கிலோ பையிலிருந்து கழியும். பவர் பேங்க் எப்படியும் செக்-இன் பையில் போகக் கூடாது.

தெர்மல் கால்சட்டை வேண்டுமா என்றால், விமானத்தில் போகிறவர்களுக்கு வேண்டாம். ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் போகிறவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். ஜான்சி வரை ஜன்னல் இடுக்கு வழியாக வரும் காற்று எலும்பைத் தொடும். போபால் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, விஜயவாடாவில் மின்விசிறி போடச் சொல்வார்கள். ஒரு கம்பளி ஸ்டோல், 200 கிராம், இங்கே பல வேலை செய்யும்: டெல்லியில் கழுத்துக்கு, ஏ.சி. பெட்டியில் காதுக்கு, ஊரிலிருந்து கொடைக்கானல் போனால் தோளுக்கு.

செட்டா, கலந்து போடும் துணியா?

பெண்களுக்கான துணியில்தான் இந்த ஒப்பீடு கனமானது. தைத்த சல்வார் செட் எடுத்தால் நான்கு நாளைக்கு நான்கு டாப், நான்கு பேன்ட், நான்கு துப்பட்டா. பன்னிரண்டு துணி, நான்கே தோற்றம். ஒன்றில் சாம்பார் கொட்டினால் அந்த செட்டே போய்விட்டது, அதன் பேன்ட் வேறு எதோடும் சேராது. இதையே நான்கு குர்த்தி, இரண்டு கால்துணி, இரண்டு துப்பட்டா என்று எடுத்தால் எட்டுத் துணி; கணக்குப்படி 4 x 2 x 2, பதினாறு சேர்க்கை. உண்மையில் பதினாறும் நன்றாக இருக்காது, பத்து தேறும். அந்தப் பத்து தேற ஒரு நிபந்தனை உண்டு: கால்துணி இரண்டும் அச்சில்லாத ஒற்றை நிறமாக இருக்க வேண்டும், அச்சும் பூவும் குர்த்தியிலோ துப்பட்டாவிலோ மட்டும் வரவேண்டும். அச்சிட்ட குர்த்திக்கு மேல் அச்சிட்ட துப்பட்டா போட்டால் எல்லாச் சேர்க்கையும் குலைந்துவிடும்.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. சிறிய அலமாரி பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அடிப்படை நிறம் கறுப்பு என்று தொடங்குவார்கள். அலுவலகப் பயணத்துக்கு அது சரி. பொங்கலுக்கும் முகூர்த்தத்துக்கும் கறுப்புப் பேன்ட்டோடு போய் நின்றால் பெரியம்மா வாயைத் திறக்க வேண்டியதில்லை, முகத்திலேயே தெரியும். சில வீடுகளில் கருநீலத்துக்கும் இதே கதி. நம் பயணத்துக்கு அடிப்படை இரண்டாகச் சந்தன நிறத்தையும் அரக்கையும் வைத்தால் எதுவும் முட்டாது. அரக்கின் மேல் கடுகு மஞ்சள், சந்தனத்தின் மேல் பாட்டில் பச்சை, இரண்டின் மேலும் செங்கல் நிறம், தந்த வெள்ளையில் சிறு அச்சு என்று நான்கு குர்த்தியும் உட்காரும். துப்பட்டாவில் ஒன்று ஒற்றை நிறத்தில் ஜரிகைக் கோடு வைத்தது, மற்றது மதுரைச் சுங்குடி. ஜரிகைக் கரை போட்டால் பக்கத்து வீட்டு வளைகாப்புக்குப் போதும், போடாவிட்டால் அதே குர்த்தி கடைக்குப் போகிற துணி.

ஆனால் சேலைதான் இந்த ஆட்டத்தில் பழைய கை. ஒரு பொன்னிற பிளவுஸும் ஒரு உள்பாவாடையும் இருந்தால் மூன்று சேலை மூன்று தோற்றம். பிளவுஸ் 120 கிராம், உள்பாவாடை 200. சேலைக்குச் சேலை அதன் சொந்த பிளவுஸை எடுத்துப் போகும் பழக்கத்தை விட்டால் கால் கிலோ குறையும். உள்பாவாடை நிறம் பொருந்தாவிட்டால் மெல்லிய காட்டன் சேலையில் தெரியும். அதனால் சேலைகளைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒரே நிறக் குடும்பத்தில் எடுங்கள்: அரக்கு, துரு, ஆழ்ந்த ஆரஞ்சு எல்லாவற்றுக்கும் அரக்கு உள்பாவாடை ஒன்று போதும்.

ஆண்களுக்கு விஷயம் எளிது, ஆனால் அவர்கள்தான் ஜீன்ஸை விடமாட்டார்கள். ஒரு ஜீன்ஸ் 600 கிராம். துவைத்தால் சென்னை ஈரப்பதத்தில் இடுப்புப் பட்டையும் பாக்கெட் தையலும் மறுநாள் மாலை வரை ஈரமாகவே இருக்கும், பிறகு மக்கிய வாடை. வேண்டுமென்றால் போட்டுக்கொண்டு போங்கள், பையில் இன்னொன்று வைக்காதீர்கள். சந்தன நிற சினோ ஒன்று, பழுப்பு ஒன்று; மூன்று அரைக்கை அல்லது முழுக்கைச் சட்டை; இவற்றோடு ஒரு நல்ல வெள்ளைச் சட்டை. இந்த வெள்ளைச் சட்டைதான் முழுப் பையையும் தாங்குகிறது. ஜரிகைக் கரை வேட்டியோடு முகூர்த்தம், சினோவோடு ரிசப்ஷன், சாதா வேட்டியோடு கோயில். திருச்செந்தூர் மாதிரி ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டிய கோயிலுக்குப் போனால் அங்கவஸ்திரம் கைகொடுக்கும். கட்டிப் பழக்கமில்லாதவர்கள் ஒட்டிக்கோ வேட்டி எடுப்பதில் வெட்கமில்லை, பெல்ட் ஒன்று மிச்சம்.

துணியின் ரகம்

எண்ணிக்கை குறையும்போது துவைப்பது கூடும். நான்கு மேல்துணியோடு எட்டு நாள் என்றால் இரண்டு நாளைக்கு ஒருமுறை வாளியில் கை வைக்க வேண்டும். அதனால் எது ராத்திரியில் உலரும் என்பதே முதல் கேள்வி.

தடித்த காட்டன் நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய மல்மல் காட்டன் அதே பருத்திதான், ஆனால் நூல் மெல்லியது, மின்விசிறிக்குக் கீழே நாலைந்து மணி நேரத்தில் காய்ந்துவிடும். லினன் சீக்கிரம் காயும், உட்கார்ந்து எழுந்தால் கசங்கிப்போகும். இஸ்திரி வண்டி தெருமுனையில் இருக்கும் ஊருக்குப் போகிறீர்களா என்பதைப் பொறுத்தது. ரேயான் குர்த்தி அழகாக விழும், டெல்லியில் சரோஜினி நகரிலும் லாஜ்பத் நகரிலும் அள்ளிக்கொண்டு வருகிறார்கள். அதன் குறை நனைந்தால் தெரியும்: ஈரத்தில் ரேயான் இழை பலம் இழக்கிறது, தோளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் சொந்த எடையில் இரண்டு விரற்கடை நீண்டுவிடும். கொடியில் நடுவாக மடித்துப் போட வேண்டும். முழு பாலியஸ்டர் எல்லாவற்றையும்விட வேகமாகக் காயும், ஆனால் வியர்வையின் எண்ணெய்ப்பசை அதில் ஒட்டிக்கொள்வதால் சென்னையில் ஒரு மத்தியானத்துக்கு மேல் பக்கத்தில் உட்கார முடியாது. மேலே மல்மல் அல்லது மெல்லிய காட்டன், கீழே கொஞ்சம் லைக்ரா கலந்த பாலி-விஸ்கோஸ்: இதுதான் இந்தப் பயணத்துக்கு நல்ல ஜோடி. ஆண்களின் சட்டைக்குப் பருத்தியும் பாலியஸ்டரும் 60-40 கலந்தது கசங்கலுக்கும் காய்வதற்கும் சமாதானமாக இருக்கும்.

துவைத்த துணியை ஒரு காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி இரு முனையையும் பிடித்து முறுக்கினால் பிழிவதைவிட அதிக நீர் வெளியேறும், துணியின் வடிவமும் கெடாது. அந்தத் துண்டு டர்க்கி டவலாக இருக்கத் தேவையில்லை. டர்க்கி டவல் 400, 500 கிராம், காய ஒரு நாள். ஈரிழைத் துண்டு 120 கிராம், இரண்டு மணி நேரம். முகம் துடைக்க, தலை துவட்ட, வெயிலில் தலையில் போட, ரயிலில் தலையணை மேல் விரிக்க இதற்கு நிகர் இல்லை. டெல்லியில் வாழப் போனதும் இதை மறந்துவிடுகிறோம்.

சிறிய துணிக் கூட்டத்துக்கு ஒரு பலவீனம் உண்டு: சாயம். எல்லாவற்றையும் ஒரே வாளியில் போடுவீர்கள், ஒன்று சாயம் விட்டால் மொத்த அலமாரியும் இளஞ்சிவப்பு. புதுச் சுங்குடி, கலம்காரி, இண்டிகோ நீலச் சாயத் துணி மூன்றையும் நம்பாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, ஈர வெள்ளைத் துணியில் சோப்பு தடவி உட்பக்கத் தையலில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அதைத் தனியாக மட்டும் அலச வேண்டும், அல்லது விட்டுவிட்டுப் போக வேண்டும். மஞ்சள் கறையும் வரும், பொங்கல் இல்லையா. சோப்பு போட்டதும் அது ரத்தச் சிவப்பாக மாறினால் பதற வேண்டாம். காரத்தில் மஞ்சள் சிவக்கும், அவ்வளவுதான். நன்றாக அலசி நேர் வெயிலில் போட்டால் வெளிறிப்போகும், இரண்டு வெயில் தேவைப்படலாம். மின்விசிறியில் காயவைத்தால் மட்டும் போகாது.

பட்டு

முகூர்த்தத்துக்கு ஒரு காஞ்சிப் பட்டு என்றால் 700 கிராமிலிருந்து கனத்த ஜரிகையில் ஒரு கிலோ வரை. மூன்று நிகழ்ச்சிக்கு மூன்று பட்டு எடுத்தால் அங்கேயே 7 கிலோ திட்டம் உடைகிறது. மெல்லிய சாஃப்ட் சில்க் 400, 500 கிராமுக்குள் வரும். நிச்சயதார்த்தத்துக்கும் ரிசப்ஷனுக்கும் அது போதும் என்று ஏற்றுக்கொண்டால் கனப் பட்டு ஒன்று மட்டும்.

பட்டை அடைக்கும் முறையில் பிழை நடந்தால் சேதம் நிரந்தரம். அலமாரியில் இருந்த அதே மடிப்பில் அப்படியே பைக்குள் திணித்தால் பழைய மடிப்புக் கோட்டில் அழுத்தம் விழுந்து ஜரிகை முறியும். மடிப்பை மாற்றிப் போட்டு, ஒரு பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, பேக்பேக்கின் முதுகுப் பக்கம் தட்டையாக வையுங்கள்; அந்த இடம்தான் வளையாதது. சுருட்டக் கூடாது. காற்றை உறிஞ்சும் வாக்குவம் பையில் ஒருபோதும் போடக் கூடாது. இரசக் கற்பூர உருண்டை ஜரிகையைக் கறுக்கச் செய்யும், அதைத் துணிக்குள் வைக்காதீர்கள்.

வாக்குவம் பையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். அது கன அளவைக் குறைக்கும், எடையைக் குறைக்காது. பை சின்னதாகத் தெரிவதால் இன்னும் நான்கு துணி வைக்கத் தோன்றும், கவுன்டரில் 9 கிலோ காட்டும். 7 கிலோவில் முதலில் தீர்வது எடை, இடம் அல்ல. ரயிலில் போகிறவர்களுக்கும் ஜாக்கெட்டைத் திரும்பக் கொண்டுவருகிறவர்களுக்கும் மட்டுமே அதனால் லாபம். தொங்கும் தராசு ஒன்று வாங்கி வைப்பது அதைவிடப் பயன்.

7 கிலோ உண்மையில் தேறுமா?

ஒரு பெண், எட்டு நாள், ஒரு முகூர்த்தம் என்று வைத்துக் கூட்டிப் பார்ப்போம். உடம்பில்: ஒரு குர்த்தி, தெர்மல், ஒரு பேன்ட், ஜாக்கெட், ஷூ. பையில்: பேக்பேக் 1000 கிராம், குர்த்தி மூன்று 660, இரண்டாவது கால்துணி 250, துப்பட்டா இரண்டு 240, பட்டு 750, பிளவுஸ் 120, உள்பாவாடை 200, பொங்கலுக்குக் காட்டன் சேலை 450, நைட்டி 250, உள்ளாடைகள் 500, ஈரிழைத் துண்டு 120, நல்ல செருப்பு 350, குளியல் சாமான் 500, மருந்து, சார்ஜர் வகையறா 600, நகைப் பெட்டி 200. மொத்தம் 6,190 கிராம். 800 கிராம் மிச்சம் இருக்கிறது. இதே பொருட்களை 2.7 கிலோ டிராலியில் வைத்தால் 7.9. பெட்டி மாறியதால் மட்டும் தோற்றுப்போகிறோம்.

ஆண்களின் பை இதே கணக்கில் 5 கிலோவைச் சுற்றி நிற்கும், பட்டுப் புடவை இல்லாததால். தம்பதியாகப் போனால் அந்த 2 கிலோவில் இரண்டாவது பட்டு ஏறிவிடும். தனி சீட் வாங்கிய குழந்தைக்கும் தனி கேபின் பை உண்டு என்பதைப் பலர் பயன்படுத்துவதில்லை. குழந்தைத் துணி எண்ணிக்கையில் அதிகம், எடையில் குறைவு.

தோற்கிற இடம் காலணி. விமானத்துக்கு ஷூ, கல்யாணத்துக்கு ஒரு செருப்பு, வீட்டுக்கு ஹவாய், கோயிலுக்குக் கழற்றச் சுலபமான ஒன்று என்று நான்கு ஜோடி வைத்தால் இரண்டு கிலோ பறந்துவிடும். காலில் ஒன்று, பையில் ஒன்று. ஹவாயை ஊர்க் கடையில் வாங்கி அங்கேயே விடுங்கள்.

15 கிலோ பெட்டி எப்போது சரி?

நிச்சயம், ரிசப்ஷன், முகூர்த்தம் மூன்றும் உங்கள் வீட்டுக் கல்யாணமாகவே இருந்தால், அல்லது சீர் சாமான் எடுத்துப்போக வேண்டியிருந்தால், கேபின் பையில் வித்தை காட்டாதீர்கள். அப்போதும் ஆளுக்கொரு பெட்டி வேண்டாம். குடும்பத்துக்கே ஒரு பெட்டி, அதில் பட்டும் பரிசும், மற்றவை அவரவர் பையில். முகூர்த்தத்துக்கு முந்தின நாள்தான் இறங்குகிறீர்கள் என்றால் அந்த ஒரு பட்டை மட்டும் செக்-இன்னில் போடாதீர்கள், பெட்டி மறுநாள் விமானத்தில் வந்து சேர்ந்தால் யாரிடம் போய் அழுவது. நகை எந்த நிலையிலும் கையோடு.

செக்-இன் எடுத்ததற்கான விலை பணம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கவுன்டர் வரிசை, பெல்ட் அருகே காத்திருப்பு, பிறகு அந்தப் பெட்டியோடு கிளாம்பாக்கம். மூடுபனியில் டெல்லி விமானங்கள் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்படும் நாட்களில், ஜாக்கெட்டைச் செக்-இன் பெட்டிக்குள் வைத்தவர் ஜெய்ப்பூரில் நடுங்குவார்.

ரயில்

இலவச அளவு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் 40 கிலோ, இரண்டடுக்கில் 50. எனவே எடை பிரச்சினையே இல்லை. பிளாட்பாரம்தான் பிரச்சினை. புது டெல்லி நிலையத்தின் படிகளில் 28 அங்குலப் பெட்டியை யார் தூக்குவது, ஏறியதும் அதை எந்த சீட்டுக்கு அடியில் நுழைப்பது? கெட்டிப் பெட்டி அடியில் நுழையாவிட்டால் நடைபாதையில் நிற்கும், இரவெல்லாம் யாராவது இடித்துக்கொள்வார்கள். ஏ.சி. பெட்டியில் போர்வையும் விரிப்பும் தருகிறார்கள். ஸ்லீப்பரில் இல்லை, அதற்கு ஒரு கிலோ போர்வை தனியாகச் சேரும். ரயிலில் போனாலும் அதே சிறு துணிக் கூட்டத்தோடு போங்கள், மிச்ச இடத்தைத் திரும்பி வரும் சாமானுக்கு வையுங்கள்.

ஊரில் ஒரு செட்

வருடத்துக்கு இரண்டு முறையாவது போகிறவர்களுக்கு இதுவே மலிவான வழி. கைலி, நைட்டி, ஹவாய், வேட்டி, இரண்டு பழைய மேல்துணி, ஒரு செட் குளியல் சாமான்: ஒன்றரை, இரண்டு கிலோ நிரந்தரமாகக் கழிகிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பீரோவுக்குள் பூஞ்சை பிடிக்கும். கிளம்பும் முன் நன்கு வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போட்டு மூடச் சொல்லுங்கள். எலாஸ்டிக் வைத்த எதையும் விட்டுவிட்டு வராதீர்கள், அடுத்த முறை இழுத்தால் அப்படியே நிற்கும். உங்கள் கைலியை அம்மா தோட்டக்காரருக்குக் கொடுத்திருப்பார், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டு, அளவு மாறும் பிளவுஸ் இரண்டையும் ஊரில் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே சேலை எல்லாக் கல்யாணப் போட்டோவிலும் வருவது ஒருபுறம், ஆண்டுக்கணக்கில் மடிப்பு மாற்றாமல் கிடப்பது மறுபுறம்.

திரும்பும் வழி

போகும்போது 7 கிலோ என்று பெருமைப்பட்டவர்கள் திரும்பும்போது மாட்டிக்கொள்கிறார்கள். அப்பளம், வடாம், இட்லி மிளகாய்ப் பொடி, சாம்பார் பொடி, காபித் தூள், செக்கு நல்லெண்ணெய், அதிரசம். வேண்டாம் என்று சொன்னாலும் 4 கிலோ சேரும். அதில் மிளகாய்ப் பொடியும் ஊறுகாயும் கேபின் பையில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. கொப்பரைத் தேங்காய் அதன் எண்ணெய்ப்பசையால் தீப்பற்றும் பொருள் வரிசையில் வருகிறது, அதை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

எனவே போகவர ஒரே மாதிரி டிக்கெட் எடுக்கும் பழக்கத்தை முதலில் மாற்ற வேண்டும். போகும்போது செக்-இன் இல்லாத லைட் கட்டணம் கிடைத்தால் அது, வரும்போது 15 கிலோ சேர்ந்த சாதாரணக் கட்டணம். 150 கிராமில் மடித்து வைக்கும் துணிப் பை ஒன்றைப் போகும்போதே பேக்பேக்கின் அடியில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த 800 கிராம் மிச்சத்தில் அது அடங்கும். வரும்போது பேக்பேக்கிலிருக்கும் துணி அந்தப் பையில் இறங்கி எண்ணெய் பாட்டிலையும் பொடி டப்பாக்களையும் சுற்றிக்கொண்டு செக்-இன் போகட்டும். எண்ணெயை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, மூடியில் டேப் சுற்றி, பழைய துணி நடுவில் வையுங்கள். பட்டு அந்தப் பைக்குள் போகவே கூடாது. பட்டும் நகையும் ஜாக்கெட்டும் முதுகில்.

கடைசித் துவையலைக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையிலேயே முடித்து மாடியில் காயப்போட்டுவிடுங்கள். ஜனவரி நடுவில் டெல்லியில் வெயில் வராத நாட்களில் பால்கனியில் போட்ட உள்ளாடைகூட இரண்டு நாள் ஈரமாகவே தொங்கும்; அழுக்கு மூட்டையோடு இறங்கினால் அடுத்த வாரம் அலுவலகத்துக்குப் போடத் துணி இருக்காது.